இல்லாத மாமாவுக்கு வந்த வீட்டு வரி

மகனே, இதை ஒருவருக்கும் காட்டாதே. வாசிக்கிறபோது நீ மீசையும் உத்தியோகமும் உள்ள பெரிய ஆளாக இருந்தாலும் சரி, வாசித்து முடித்ததும் மடித்து வைத்துவிடு. முக்கியமாக என் அம்மாவிடமும் அப்பாவிடமும், அதாவது உன் அம்மம்மாவிடமும் அம்மப்பாவிடமும், இதைப் பற்றி மூச்சு விடாதே. நான் அறைக் கதவைச் சாத்திவிட்டு, மேசை விளக்கின் மேல் துவாயைப் போட்டு வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு எழுதுகிறேன். அம்மா குசினியில் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருக்கிறார். அப்பா லொறியோடு வவுனியாவுக்குப் போனவர் இன்னும் வரவில்லை. அவர் வந்ததும் வீட்டில் ஒரு கதை எழும்பும். அதைக் கிளப்பிவிட்டது நான்தான் என்பது அவருக்கு இன்னும் தெரியாது.

நீ இன்னும் பிறக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனக்குப் பதினாறு வயது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன், கலியாணம் பற்றி எந்த எண்ணமும் இல்லை. ஆகவே நீ அவசரப்படத் தேவையில்லை. எங்கள் தமிழ் ரீச்சர் ‘மகனுக்கு ஒரு கடிதம்’ என்று ஒரு கட்டுரை தந்தார். வயது போன தாயோ தகப்பனோ வளர்ந்த மகனுக்கு எழுதுவது போல எழுத வேண்டும். நான் இரண்டு பக்கம் எழுதினேன். நேர்மையாக இரு, பெரியவர்களை மதி, தண்ணீரை வீணாக்காதே என்று எழுதி, எனக்கு இப்போது முழங்கால் வலி என்றும் ஒரு வரி சேர்த்தேன். ரீச்சர் சிவப்புப் பேனையால் ‘மிக நன்று’ என்று போட்டார். ஆனால் ‘நேர்மையாக இரு’ என்று நான் எழுதிய அதே நாளில்தான், அம்மாவின் கையெழுத்தை நானே கள்ளமாக வைத்த ஒரு கடிதம் தபாலில் போனது. அதனால் அந்தக் கட்டுரையை நீ நம்பாதே. உனக்கு எழுத வேண்டிய கடிதம் இதுதான்.

நான் சொல்ல வந்தது வீட்டு வரியைப் பற்றி. சிரிக்காதே. நீ ஒருநாள் வீட்டுக்காரன் ஆவாய். அப்போது பிரதேச சபையிலிருந்து உன் வீட்டுக்கும் வளவுக்கும் வரி கட்டச் சொல்லி ஒரு காகிதம் வரும். காகிதத்தில் ஆதன வரி என்று இருக்கும், எங்கள் சின்னத் தெருவான இந்த ஒழுங்கையில் எல்லோரும் சோலை வரி என்று சொல்வார்கள். அதைக் கண்டதும் உனக்கு எரிச்சல் வரும். எவ்வளவு என்று மட்டும் பார்த்துவிட்டு அலுமாரியில் போட்டுவிடுவாய். அப்படிச் செய்யாதே. முதலில் அதில் இருக்கிற பெயரை வாசி. எங்கள் வீட்டில் ஒருவரும் பெயரைப் பெரிதாக எடுக்கவில்லை, அதனால் எங்கள் வீடு கொஞ்சக் காலம் உலகத்தில் இல்லாத ஒரு மனிதனுக்குச் சொந்தமாக இருந்தது.

முதலில் வீட்டைச் சொல்கிறேன். முரசுமோட்டையில் வாய்க்காலை ஒட்டின ரோட்டுக்கரைக் காணி. அம்மாவின் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்கக் குடியேற்றத்தில் வந்து எடுத்த காணி, பெர்மிட் இப்போது அம்மாவின் பெயரில் இருக்கிறது. சண்டை முடிந்து திரும்பி வந்து குடியேறியபோது காணியில் ஒரு சுவர்கூட இருக்கவில்லையாம். பின்பக்கம் தகரத்தால் ஒரு கொட்டில் போட்டு இருந்திருக்கிறார்கள். பிறகு வீட்டுத்திட்டம் வந்தது. அத்திவாரம் முடிந்தால் ஒரு துண்டுக் காசு, சுவர் எழும்பினால் இன்னொரு துண்டு, கூரை போட்டால் மிச்சம். அந்தக் காசு காணாது என்று அப்பா இரவு பகலாக லொறி ஓட, அம்மா வீட்டைக் கட்டினார். கட்டினார் என்று நான் சும்மா சொல்லவில்லை. அச்சு வாங்கி வளவிலேயே சீமெந்துக் கல் அரிந்தார். ஒரு நாளைக்கு இவ்வளவு கல் என்று கணக்கு வைத்து அரிந்தார். எனக்கு அப்போது நாலோ ஐந்தோ வயது. அரிந்த கல்லுக்குத் தண்ணீர் விடுவது என் வேலை. பால்மா ரின்னில் துளை போட்டுத் தந்திருந்தார், நான் பூங்கன்றுக்கு விடுவது போல விடுவேன். மேசன் வந்து சுவர் வைக்கும்போது அம்மா ஒரு கண்ணை மூடிக்கொண்டு நூலைப் பார்ப்பாராம். ‘அண்ணை, நடுவில வயிறு வைச்சிருக்கு, உடையுங்கோ’ என்பாராம். மேசனுக்கு ரோசம் வந்து, ‘நீங்களே வையுங்கோவன் அக்கா’ என்று கரண்டியைக் கொடுத்துவிட்டுத் தேத்தண்ணிக்குப் போய்விட்டாராம். திரும்பி வரும்போது இரண்டு வரிக் கல் ஏறியிருந்ததாம். விறாந்தைச் சுவரில் அந்த இரண்டு வரியும் எது என்று அம்மாவுக்கு மட்டும் தெரியும். பூச்சுக்குள் மறைந்துவிட்டது, கேட்டால் தொட்டுக் காட்டுவார்.

இனி அப்பாவின் குற்றத்தைச் சொல்ல வேண்டும். அவரை நீ பிழையாக நினைக்கக்கூடாது. அப்பாவின் ஆட்கள் மலையகத்திலிருந்து வந்து இங்கே மற்றவர்களின் காணிகளில் வேலை செய்து குந்தியிருந்தவர்கள். பைலோடு ஓர் ஆள் வந்தால் வீட்டில் என்ன இல்லை என்று காட்ட வேண்டும், என்ன இருக்கிறது என்று காட்டக்கூடாது என்பது அவருக்குச் சின்னனிலேயே படிந்த பழக்கம். பிறகு குடியேறிய காலத்தில் எங்கள் ஒழுங்கை முழுவதுக்கும் அதே பழக்கம் வந்துவிட்டது. அப்போது வந்த பைல் எல்லாம் தகரம், நுளம்பு வலை, வாளி, வீட்டுத்திட்டத்துக்குப் புள்ளி என்று உதவிக்குப் பதிய வந்த பைல். இரண்டு கதிரை வைத்திருந்தவருக்கு ஒரு புள்ளி குறைந்ததாம், அந்தக் கதையை இப்போதும் சொல்வார்கள். அதனால் போன சித்திரை முடிந்து ஒரு நாள், தொப்பி போட்ட ஒரு உத்தியோகத்தர் கையில் பைலோடு ஒழுங்கைக்குள் வந்தபோது, ஒருவரும் என்னத்துக்கு என்று கேட்கவில்லை. எதிர்வீட்டு மாமி பிரிட்ஜுக்கு மேல் ஒரு சேலையைப் போட்டு, அதன் மேல் பிள்ளையார் படத்தை வைத்துவிட்டா. மூலை வீட்டுக்காரர் புது மோட்டார் சைக்கிளை வயலுக்குள் இறக்கிவிட்டு, உரப்பையால் மூடினார்.

அம்மா அன்று வயலில் களை எடுக்கப் போயிருந்தார். அப்பாவும் நானும்தான் வீட்டில். அப்பா அந்த உத்தியோகத்தரை, அம்மா கட்டிய வீட்டைத் தாண்டி நேரே பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். விறகும் நெல்மூடையும் அடுக்கியிருக்கிற தகரக் கொட்டிலைக் காட்டி, “நாங்க இங்கதான் ஐயா இருக்கிறம்,” என்றார்.

“அப்ப முன்னுக்கு இருக்கிற வீடு?”

“அது மச்சான்ர வீடு. மனுசின்ர அண்ணன். வெளியில இருக்கிறார், நாங்க சும்மா கூட்டிப் பெருக்கிப் பாத்துக்கொள்ளுறம்.”

“அவற்ற பேர்?”

அப்பா திரும்பி முற்றத்தைப் பார்த்தார். வேப்பமரத்துக்குக் கீழே அவர் ஓட்டுகிற லொறி நின்றது. முன்பக்கம் மஞ்சள் எழுத்தில் ‘முருகானந்தா’ என்று எழுதியிருக்கும். “முருகானந்தன்,” என்றார்.

“எந்த நாடு?”

“கனடா.”

“கனடாவில எவடம்?”

அப்பா என்னைப் பார்த்தார். மகனே, அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் இன்று எனக்கு இவ்வளவு பயம் இருந்திருக்காது. “ரொறன்ரோ,” என்றேன். அந்த உத்தியோகத்தர் அதை எழுதினாரோ தெரியாது, ஆனால் நான் சொன்னது நிச்சயம். அப்பாவைக் குற்றம் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்பதற்காகவே இதை எழுதுகிறேன். இல்லாத மாமாவுக்கு அப்பா பெயர் வைத்தார், ஊர் கொடுத்தது நான்.

அம்மா வயலால் வந்து கால் கழுவுகிறபோது அப்பா நடந்ததை நடித்துக் காட்டினார். தொப்பிக்காரர் பேனையைக் காதில் சொருகினதையும் விடவில்லை. அம்மா சிரித்துச் சிரித்து வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “எனக்கொரு அண்ணனைப் பிறப்பிச்சுத் தந்திட்டியள். கலியாணத்துக்கு முதலே தந்திருந்தா அவன் காசனுப்பிச் சீதனமாவது கூடப் போட்டிருப்பான்,” என்றார். அன்று நாங்கள் மூன்று பேரும் விறாந்தையில் இருந்து புட்டும் மீன் குழம்பும் சாப்பிட்டபடி, முருகானந்தனுக்கு எத்தனை பிள்ளைகள், அவருடைய மனைவி வெள்ளைக்காரியா தமிழா என்றெல்லாம் பேசினோம். இப்படிச் சந்தோசமாகச் சிரித்த நாட்கள் எங்கள் வீட்டில் நிறைய உண்டு, இதை நீ தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு இரண்டு நோட்டீஸ் வந்தன. ஒன்று அப்பாவின் பெயரில், தற்காலிகக் கொட்டில் என்று. மற்றது உரிமையாளர் திரு. முருகானந்தன் என்று, நிரந்தர வீடு. அப்போதுதான் அது உதவிக்கு வந்த பைல் இல்லை, வரிக்கு வந்த பைல் என்று ஒழுங்கைக்கே தெரிந்தது. மற்றவர்கள் தலையில் கை வைக்க, அப்பா மட்டும் வென்ற ஆள் போல நின்றார். “கொட்டிலுக்கு என்ன பெரிசா வரப்போகுது? வீட்டுக்குக் கனடாக்காரன் கட்டட்டும்,” என்றார்.

அதற்குப் பிறகு முருகானந்தன் எங்கள் ஒழுங்கையில் ஒரு ஆளாகவே ஆகிவிட்டார். எதிர்வீட்டு மாமி வாசல் படலையில் நின்று, “என்ன பிள்ளை, மாமா போன் எடுத்தவரோ? அங்க ஸ்னோ கொட்டுதாமே,” என்று கேட்பா. நானும், “ஓம் மாமி, உங்களைத்தான் விசாரிச்சவர்,” என்பேன். மூலை வீட்டுக்காரர் தன் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க முருகானந்தனின் மூத்த மகனைக் கேட்டார். இதெல்லாம் பகிடி. ஆனால் ஒரு நாள் கோயில் பொருளாளர் நன்கொடைப் புத்தகத்தோடு வந்து, தேர் வேலைக்குக் கனடா அண்ணையின் பங்கு என்ன மாதிரி என்று உண்மையாகவே கேட்டார். அவர் அடுத்த ஒழுங்கை, அவருக்குப் பகிடி தெரியாது. அப்பா, “அவர் இப்ப வேலையில்லாம இருக்கிறார்,” என்றார். பொருளாளர் பாவம், அவருக்காக ஒரு அருச்சனை செய்விக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா அன்று சிரித்தார், ஆனால் பாதியில் நின்றுவிட்டது.

முழுதாக நின்றது இலக்கம் போட வந்த நாள். சபையிலிருந்து ஒரு பொடியன் மை வாளியோடு வந்து வீட்டுச் சுவர்களில் வரி இலக்கம் எழுதிக்கொண்டு வந்தான். அப்பா இல்லை. அம்மா விறாந்தையில் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தார். பொடியன் பட்டியலைப் பார்த்து, “முருகானந்தன்ர வீடு இதுதானே அக்கா?” என்று கேட்டான். அம்மா ஒரு முறை என்னைப் பார்த்துவிட்டு, “ஓம்,” என்றார். அவன் விறாந்தைச் சுவரில் இலக்கத்தை எழுதிவிட்டுப் போய்விட்டான். அம்மா மிளகாயை விட்டுவிட்டு அந்தச் சுவரிலேயே கையை வைத்துக்கொண்டு நின்றார். எந்த இடம் என்று உனக்குத் தெரியும். “பாத்தியே பிள்ளை,” என்றார், “என்ர வாயாலயே குடுத்துப்போட்டன்.” அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். அப்பா வந்ததும் சாதாரணமாக, “இஞ்சருங்கோ, அந்தப் பேரை ஒருக்கா மாத்துவமே?” என்று கேட்டார். அப்பா சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே, “மாத்தப் போனா நான் பொய் சொன்னனான் எண்டு ஆகும். கையில விலங்கு போட்டா என்னா செய்யிறது? காகிதத்தில ஆர்ர பேர் இருந்தா என்ன, நாங்கதானே இருக்கிறம்,” என்றார். அம்மா அவருக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டார்.

அப்பாவுக்கு உண்மையாகவே பயம் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. இன்னொன்றும் விளங்கியது, அதை உனக்கு மட்டும் சொல்கிறேன். அம்மாவின் ஆட்கள் நல்லநாள் பெருநாளுக்கு வந்தால், வார்த்தைக்கு வார்த்தை ‘எங்கட பிள்ளையின்ர வீடு, எங்கட பிள்ளையின்ர காணி’ என்பார்கள். அப்பா கேட்டுக்கொண்டு தேத்தண்ணி குடிப்பார். தன்னுடையது என்று ஒரு நாளும் நினைக்க விடப்படாத வீட்டை, யாருடையது என்று சொன்னால் என்ன என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். நான் நினைப்பது சரியோ தெரியாது. நீ பெரியவனானதும் யோசித்துப் பார்.

நோட்டீசின் பின்பக்கத்தில், ஆட்சேபனை இருந்தால் குறித்த திகதிக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று சின்ன எழுத்தில் இருந்தது. ஆறு நாட்கள்தான் இருந்தன. நான் எழுதினேன். எப்படி எழுதுவது என்று தெரியாததால், ரோட்டைத் திருத்தித் தரும்படி சபைக்கு எழுதுகிற மாதிரிக் கடிதத்தைப் பாடப் புத்தகத்தில் பார்த்து எழுதினேன். மதிப்பிற்குரிய ஐயா, மேற்படி வீட்டின் உரிமையாளர் என்று குறிப்பிடப்பட்டிருக்கும் திரு. முருகானந்தன் என்பவர் இவ்வுலகில் இல்லை. அவர் இறந்தவரும் இல்லை, பிறக்கவே இல்லை. இவ்வீடு என்னால் கட்டப்பட்டது. ஆகவே இவ்வரியை என் பெயரில் விதிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். பெர்மிட்டின் போட்டோப் பிரதியையும் சேர்த்து, கீழே அம்மாவின் கையெழுத்தை வைத்தேன். பதிவுத் தபாலுக்குக் காசு என் உண்டியலில் எடுத்தது. தபால் கந்தோரால் வெளியே வந்த பிறகுதான் ஒன்று ஞாபகம் வந்தது. பாடப் புத்தகத்தில் இருந்த கடைசி வரியையும் அப்படியே எழுதிவிட்டேன்: ‘இவ்வண்ணம், எமது சனசமூக நிலைய உறுப்பினர்கள் சார்பாக.’

அன்று தொடங்கிய பயம். ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் யன்னலால் எட்டிப் பார்ப்பேன். ரியூசனில் கணக்கு ஏறவில்லை. அப்பாவைப் பிடித்துக்கொண்டு போவதாக நினைத்துப் பார்ப்பேன், பிறகு என்னைப் பிடிப்பதாக. வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைக்கலாம் என்றால், கள்ளக் கையெழுத்துக்கு எப்படி நேர்த்தி வைப்பது. ஒன்றும் வைக்கவில்லை.

இன்று பின்னேரம் பள்ளிக்கூடத்தால் வந்து உடுப்பு மாற்றுகிறேன், படலையில் ஒரு ஸ்கூட்டி நின்றது. ஒரு இளம் மிஸ், கையில் பைல். அம்மா வெளியே வந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

“சபையால வாறன் அம்மா. ஆட்சேபனைக் கடிதம் ஒண்டு அனுப்பினனீங்கள் என்ன?”

அம்மா கடிதத்தை வாங்கி வாசித்தார். நிறைய நேரம் வாசித்தார். வாசித்துவிட்டுத் தலையைத் திருப்பாமலே, கதவுக்குப் பின்னால் நிற்கிற எனக்குக் கேட்கிற மாதிரி, “ஓம், நான்தான் எழுதினனான்,” என்றார்.

“கடைசியில சனசமூக நிலையம் சார்பாக எண்டு போட்டிருக்கிறியள்?”

“அதிலயும் நான் உறுப்பினர்தான்,” என்றார் அம்மா.

மிஸ்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பைலால் வாயை மறைத்தா. பிறகு, “அப்ப இந்த முருகானந்தன் ஆர்?” என்று கேட்டா. அம்மா ஒளிக்காமல் சொன்னார். “எனக்குக் கூடப்பிறந்தது ஒரு தங்கச்சி மட்டும்தான். என்ர மனுசன் பைலைக் கண்டு பயந்து, தான் ஓடுற லொறியின்ர பேரைச் சொல்லிப்போட்டுது. அவர் கெட்டவர் இல்லை மகள். வேற ஏதும் செய்யிறதெண்டா எனக்குச் செய்யுங்கோ.” மிஸ், ஒன்றும் செய்ய மாட்டோம், இந்த ஒழுங்கையில் பிள்ளையாரைத் தலையில் வைத்த பிரிட்ஜ் கூட இருக்கிறது, எங்களுக்குத் தெரியும் என்று சொன்னா. பெயர் மாற்ற இரண்டு விசயம் வேண்டும் என்றா. வீட்டைத் திரும்ப அளக்க வேண்டும். மற்றது, பிழையான விபரம் கொடுத்தவர் கந்தோருக்கு வந்து, தான் சொன்னது பிழை என்று எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். அதுவும் நாளைக்கே. நாளையோடு திருத்தங்களை முடித்து மேலே அனுப்புகிறார்களாம். தவறினால் அடுத்த மதிப்பீடு வரும் வரை முருகானந்தன்தான் வீட்டுக்காரர்.

அளக்கத் தொடங்கினார்கள். மகனே, அதை நீ பார்த்திருக்க வேண்டும். நாடாவின் ஒரு முனையை மிஸ் பிடிக்க, மற்ற முனையை அம்மா பிடித்தார். வரி அளக்க வந்தவருக்கு நாடா பிடித்த ஒரே வீட்டுக்காரி இந்த மாவட்டத்தில் என் அம்மாவாகத்தான் இருப்பார். “விறாந்தையை விட்டிட்டியள் மகள், அதுக்கு மட்டும் எட்டு மூடை சீமெந்து போனது. அந்த மூலையையும் பிடியுங்கோ. படியையும் போடுங்கோ, அது உயரம் கூடிப்போச்சு, என்ர பிழைதான், ஆனா படி படிதானே.” மிஸ் நிமிர்ந்து, “அம்மா, ஆக்கள் குறைச்சுப் போடச் சொல்லித்தான் கேக்கிறவை. இப்படி எல்லாத்தையும் காட்டினா உங்களுக்குத்தான் கூட வரும்,” என்றா. அம்மா, “வரட்டும். நான் மாடு வித்தெண்டாலும் கட்டுவன். நீங்கள் வடிவா எழுதுங்கோ,” என்றார். எதிர்வீட்டு மாமி முதலிலிருந்தே படலையில் கையூன்றி நின்று எல்லாவற்றையும் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தா. போகும்போது மிஸ் படிவத்தில் அம்மாவின் முழுப்பெயரையும் எழுத்து எழுத்தாகக் கேட்டு எழுதினா. அம்மா முதலெழுத்தை இரண்டு முறை சொன்னார்.

ஸ்கூட்டி போனதும் அம்மா கதவுக்குப் பின்னால் வந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“என்ர கையெழுத்தை எப்ப பழகினனி?”

“முந்தியே.”

“முந்தியே எண்டா?”

“ரிப்போட்டுக்கு. ரெண்டாம் தவணை. கணக்கு.”

காதைப் பிடித்துத் திருகினார், நல்லாகத்தான் நொந்தது. திருகின கையாலேயே தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டார். அவருடைய வயிறு சிரிப்பில் குலுங்கிக்கொண்டிருந்தது. “பிறக்கவே இல்லை எண்டு எழுதியிருக்கிறாய், சனியன்,” என்றார். பிறகு குரல் மாறி, “கொப்பா வரட்டும். நான் கதைக்கிறன். நீ வாய் திறவாதை,” என்றார். மாலை முழுவதும் குசினியில் பாத்திரங்களை ஒரு இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு வைத்துக்கொண்டிருக்கிறார். அவருக்கும் பயம். அப்பா அடிக்கிறவர் இல்லை, சத்தம் போடுகிறவரும் இல்லை. பேசாமல் இருந்துவிடுவார். ஒரு பைலுக்கு முன்னால் போய் நின்று நான் பொய் சொன்னேன் என்று எழுதச் சொல்வது, அவரைப் போல ஒருவருக்கு என்ன என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அவர் மாட்டேன் என்றால் அம்மா வற்புறுத்த மாட்டார். வற்புறுத்தினால் ‘உன்ர வீடுதானே’ என்று ஒரு சொல் வந்துவிடும், அந்தச் சொல் வராமல்தான் அம்மா இத்தனை வருசமும் குடும்பம் நடத்துகிறார்.

அதனால், மகனே, உனக்குச் சொல்லக் கூடியதைச் சொல்லிவிடுகிறேன். வரியை ஒளிக்காதே. வருடத் தொடக்கத்திலேயே முழுதையும் கட்டினால் கொஞ்சம் கழித்துவிடுவார்கள், அதை விடாதே. ஆள் அனுப்பாமல் நீயே போ. நல்ல சேட்டும் காற்சட்டையும் போட்டுக்கொண்டு போ. வரிசையில் நின்று, உன் முறை வந்ததும் பெயரைத் தெளிவாகச் சொல்லி, பற்றுச்சீட்டைக் கையில் வாங்கி, அங்கேயே நின்று வாசித்துவிட்டு வா. ரோட்டு விளக்கு எரியாவிட்டால் போய்க் கேள், கட்டினவன் கேட்கலாம். உன் மனைவியும் கல் சுமந்திருந்தால் அவளுடைய பெயரையும் போடச் சொல். உன்னைப் பயமுறுத்தினவர்களை நினைத்துக்கொண்டு உன்னுடையதை மற்றவனுக்கு எழுதிக் கொடுக்காதே. கள்ளக் கையெழுத்து வைக்காதே என்றும் சொல்ல வேண்டும், ஆனால் அதை நான் சொன்னால் நீ சிரிப்பாய். நான் செய்தது பிழை. திரும்பச் செய்ய வேண்டி வந்தால், அந்தச் சனசமூக நிலையத்தை மட்டும் வெட்டிவிட்டு

லொறிச் சத்தம். படலை திறக்கிறது. எதிர்வீட்டு மாமி அவருக்குப் போன் எடுத்து எல்லாம் சொல்லியிருப்பா, நிச்சயமாகச் சொல்லியிருப்பா. அவருடைய செருப்புச் சத்தம் படியில் ஏறி விறாந்தையில் நிற்கிறது. உள்ளே வரவில்லை.

கதவைத் தட்டுகிறார். தன் வீட்டுக் கதவை அப்பா ஒரு நாளும் தட்டினதில்லை, படலையிலேயே என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு வருகிறவர். குசினியில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

“வீட்டுக்காரம்மா,” என்கிறார் வெளியே நின்று. “நாளைக்குக் கந்தோருக்கு எத்தினை மணிக்குப் போகோணும்?”

அம்மா குசினியிலிருந்து முன்கதவடிக்கு நடந்து போகிற சத்தம் கேட்கிறது. திரும்பவும் தட்டுகிறார்.

“உள்ளுக்கு வரலாமோ?”

“ஆர் எண்டு சொல்லுங்கோ,” என்கிறார் அம்மா. அவருடைய குரல் சிரிக்கத் தொடங்கிவிட்டது. மகனே, நான் போய்த் திறக்